ஓரகத்திக்கு நாலு ரிங்

கமலாவுக்குப் பொறுக்கவில்லை. எப்படிப் பொறுக்கும்? ஓரகத்தி எல்லம்மாளுக்கு தினமும் நாலு ரிங், இவளுக்கு ஒண்ணே ஒண்ணு!

எல்லம்மாளின் புருஷன் கங்காதரனும் (கமலாவுக்கு அவர் பாவா), அவர் தம்பி, கமலாவின் புருஷன் பிரகாஷும் 2004இல் கட்டட வேலைக்கு மஸ்கட் போனார்கள். அங்கே இருவருக்கும் சேர்த்து ஒரு மொபைல். திருத்தணியில் அவர்கள் பெண்டாட்டிமார் இருவருக்கும் ஒரு மொபைல். வாய்விட்டுப் பேசுவது மாதம் ஒருமுறைதான். மற்ற நாளெல்லாம் மிஸ்டு கால். மலையில் சாயங்கால மணி அடித்ததும் முதலில் வருவது அண்ணனுடையது, அடுத்தது தம்பியுடையது. நல்லா இருக்கிறேன் என்று அர்த்தம். எடுத்தால் காசு போய்விடும், அதனால் எடுக்கவே கூடாது.

"உங்க பாவாவுக்கு நிறுத்தவே மனசு வராதுடி. உம் புருஷன் தொட்டதும் வெச்சிடறான்" என்று எல்லம்மாள் தினமும் சிரிப்பாள். மகராசிக்கு அதில் அப்படி ஒரு பெருமை! கமலாவுக்கு அன்று சோறே இறங்காது.

ஒரு நாள் எல்லம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். முதல் கால் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த நாலாவது ரிங்கைக் கேட்கக் கமலாவுக்குச் சகிக்கவில்லை. வருவது வரட்டும் என்று பட்டனை அமுக்கிவிட்டாள்.

"ஐயோ, ஏன் அண்ணி எடுத்தீங்க?"

பிரகாஷின் குரல்.

"நான் கமலா. இது பாவா கால் ஆச்சே, நீங்க இன்னா பண்றீங்க?"

"அண்ணன் எங்கூட சண்டை போட்டுகினு வேற ரூமுக்குப் போய் இருபது நாளாவுது. வீட்டுக்கு போன் போடுங்கன்னா எரிஞ்சு விழறாரு. அண்ணி பயந்துடுவாங்கன்னு நான்தான் குடுத்துகினு இருக்கேன்."

"அவங்களுக்கு நாலு, எனக்கு ஒண்ணா?"

"அண்ணன் நாலுதான் குடுப்பாரு. கொறைஞ்சா கண்டுபிடிச்சிடுவாங்க. நீ வெய்யி, காசு போவுது."

வைத்துவிட்டான். கட்டின பெண்டாட்டிக்கு ஒன்று, அண்ணிக்கு நாலு. நல்ல நியாயம்!

எல்லம்மாள் குடத்தோடு ஓடி வந்தாள். "வந்துதா? எத்தினி?"

வந்தது என்று கமலா தலையாட்டினாள். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை நாள் ஆடிய ஆட்டத்துக்கு ஒரே வார்த்தை போதும். வாயைத் திறப்பதற்குள் அடுத்த கால் அடித்தது. ஒன்றோடு நிற்கவில்லை. ஐந்து, ஆறு என்று போய்த்தான் நின்றது.

எல்லம்மாளின் முகம் சுண்டிப்போனது. இடுப்புக் குடத்தை இறக்கக்கூட மறந்து நின்றாள். "உனக்கு ஆறா? அப்ப எனக்கு?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு கமலாவுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. "உனக்கு ஏழு, அக்கா" என்றாள்.

"பாத்தியாடி உங்க பாவாவ!" எல்லம்மாள் பூரித்துப்போய் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனாள்.

தன் வாயாலேயே கொடுத்த அந்த ஏழு ரிங்குக்கும் சேர்த்துக் கமலாவுக்கு வயிறு எரிந்தது.