ஆடி வெள்ளியில் பிறந்த ஊற்று

எதையும் நாளோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது என் சுபாவம். கொடைக்கானலுக்குப் பக்கத்து அட்டுவம்பட்டி வீட்டுக்கு நாங்கள் குடிபோனது அறுபத்திரண்டாம் வருஷம், வைகாசி வளர்பிறையில். அந்த வருஷத்து முதல் உறைபனி கார்த்திகைக் கடைசியில் விழுந்தது. ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் எப்போது கசியத் தொடங்கியது என்பது மட்டும் நெடுநாள் எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் கழிந்த அந்த மாதங்களில் ஒரு புத்தகத்தைக்கூட நான் நிம்மதியாக உட்கார்ந்து படித்ததில்லை.

வீட்டுக்காரர் கொடைக்கானல் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு பாய். வாடகை தனி, தண்ணீர் பில் எங்கள் பொறுப்பு என்று பேச்சு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில் அவர் கடைக்கு வரும். அரிசி வாங்கப் போகும்போது அதையும் மடித்துக் கையில் தருவார். புரட்டாசியில் வந்த பில், பாய் சொல்லியிருந்த தொகையைப் போல இரு மடங்காக இருந்தது. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக் கட்டிவிட்டேன். மார்கழியில் வந்தது அதையும் தாண்டிவிட்டது. கடையில் நாலு பேர் நிற்கும்போதே பாய் கேட்டார்.

"ஏன் சார், வீட்டுல நீங்க ரெண்டு பேருதானே? இல்ல, எனக்குத் தெரியாம ஆனை கீனை வளக்கிறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேட்டில் ஏறி வரும்போது சிரிப்பு வரவில்லை. நான் ஒரு காய்கறி லாரி ஆபீசில் குமாஸ்தா. இப்படி இன்னொரு பில் வந்தால் தாங்காது.

அன்றிலிருந்து வீட்டில் தண்ணீரைப் பற்றியே பேச்சு. இருந்தது இரண்டே குழாய், அடுப்படியில் ஒன்று, குளிக்கும் அறையில் ஒன்று. இரண்டுக்கும் புது வாஷர் போட்டேன். அடியில் டம்ளர் வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதும் எங்கோ தண்ணீர் ஓடுவது போலவே காதில் கேட்கும். என் மனைவி அப்போது ஐந்து மாதம். தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளில்கூட அரை வாளியோடு நிறுத்திக்கொண்டாள். "நீங்க முகம் கழுவுறப்ப குழாயத் திறந்து விட்டுட்டு நிக்கிறீங்க" என்பாள். "நீ அரிசியை மூணு தடவை களையிறே" என்பேன். இரண்டு குழாயையும் இறுக மூடிவிட்டு, ரோட்டோரக் கேட்டுக்குப் பக்கத்தில் கல் பெட்டிக்குள் இருந்த மீட்டரைப் போய்ப் பார்த்தேன். முள் அசைந்துகொண்டிருந்தது.

பாயிடம் சொன்னேன். மறுநாளே வந்தார். முற்றத்துப் பேரிக்காய் மரத்தைச் சுற்றி நடந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை.

"மீட்டருக்குக் குளிருல கிறுக்குப் புடிச்சிருக்கும் சார். இல்லாட்டி எங்கிட்டாவது ஒழுகணும். என்னன்னு நீங்களே பாருங்க. பங்குனிக்குள்ள சரியாகாட்டி வீட்டை விட்டுருங்க. சீசனுக்கு மதுரைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சித்திரையில் கொடைக்கானலில் வாடகைக்கு ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது. என் மனைவிக்குச் சித்திரையில்தான் பிரசவம். பிள்ளை பிறக்கும்போது நாங்கள் எந்தக் கூரையின் கீழ் இருப்போம் என்பதே எனக்கு யோசனையாக இருந்தது.

எங்கள் முற்றத்துக்குக் கீழே, சரிவில் கல் அடுக்கிக் கட்டிய தட்டுகளில், பீன்ஸும் சௌசௌவும் போட்டிருந்தாள் பக்கத்து வீட்டு அக்கா. வாரம் ஒரு கூடை சௌசௌ மேலே வரும். "எல்லாம் ஊத்துத் தண்ணி தங்கச்சி, எடுத்துக்க" என்பாள் என் மனைவியிடம். அவள் தோட்டத்து மேல்தட்டில், ஒரு பாறை இடுக்கில், விரல் கனத்துக்கு ஊற்று ஒன்று வந்துகொண்டிருந்தது. இந்த மலையில் தரையிலிருந்து தண்ணீர் வருவதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் தை மாதம் மற்ற ஊற்றெல்லாம் சுண்டிப்போன பிறகும் இது குறையாமல் வந்தது. அதனால் அக்கா பாறைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை சூடம் காட்டினாள். தைப்பூசத்துக்கு அதிலிருந்து ஒரு செம்பு தீர்த்தம் பிடித்து, வாயை மஞ்சள் துணியால் கட்டி, வில்பட்டி வழியாக இறங்கும் ஒற்றையடிப் பாதையில் பழனிக்கு நடந்தே போனாள். என் மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்பது வேண்டுதல். திரும்பி வந்து எங்கள் இருவர் நெற்றியிலும் விபூதி பூசினாள்.

மாசியில் ஒரு காலை, அக்கா வேலியோரம் நின்று கத்தினாள்.

"தங்கச்சி, இந்த அநியாயத்தக் கேளு! ஊத்துத் தண்ணியில ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. எவளோ தீட்டோட வந்து கை வச்சிருக்கா!"

அடுப்படியில் இருந்த என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முந்தின நாள்தான் ஊருக்குத் தண்ணீர் விடும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். எங்கள் குழாயிலும் அதே வாடை.

நான் வேலிக்குப் போனேன். "அக்கா, இந்த ஊத்து எப்ப வந்துச்சு?"

"போன ஆடியில சார். மொத வெள்ளி. அன்னிக்குத்தான் எங்க ஆடு குட்டி போட்டுச்சு, மறக்குமா?"

கூடிப்போன முதல் பில் ஆனி முதல் ஆவணி வரைக்கும் உரியது. இத்தனை மாதம் நான் தேடிய நாளை அவள் ஆட்டுக்குட்டியோடு சேர்த்து வைத்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நினைவுக்கு வந்தது அந்தத் தீர்த்தச் செம்புதான்.

"சொல்லித்தான் ஆகணுங்க" என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, "அப்ப அந்த வேண்டுதல் என்னங்க ஆகும்?" என்றாள்.

அக்காவைப் பாறைக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, மேலே போய் மீட்டரை ஒட்டியிருந்த வால்வை மூடினேன். அங்கும் இங்கும் நடந்தேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் நினைத்தது தப்பு என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அப்புறம் கீழேயிருந்து குரல் வந்தது: "சார், ஊத்து கண்ணை மூடுது!" வால்வைத் திறந்தேன். "தொறந்திருச்சு!" மறுபடி மூடினேன். அவளே மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, வால்வில் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"அப்ப முருகன் தலையில நான் குழாத்தண்ணியவா ஊத்திட்டு வந்தேன்?"

விஷயம் கேட்டு பாய் ஒரு பைப்பு பிட்டரோடு வந்தார். பேரிக்காய் மரத்துக்கு அடியில் தோண்டினார்கள். வேர் நெருக்கிய இடத்தில் பைப்பு துருவேறி விண்டிருந்தது. தண்ணீர் முற்றத்தில் தலைகாட்டாமல் பாறைச் சந்து வழியாக நேராகக் கீழே இறங்கியிருக்கிறது.

"என் பைப்பு, சாரோட காசு, ஒன் நடை" என்றார் பாய். "புண்ணியத்த மூணாப் பிரிச்சுக்க வேண்டியதுதான்."

"ஏன் சொல்ல மாட்டீங்க? பைப்பை ஒழுங்காப் பொதைக்கத் தெரியல, புண்ணியத்துல பங்கு வேணுமாக்கும்!" என்றாள் அக்கா. என் மனைவி வாசற்படியில் நின்று அழுவதைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "ஏ கிறுக்கி, எதுக்கு அழுவுறே? தண்ணிதான் குழாயில வந்துச்சு. வேண்டுனது நானு. பிள்ளைக்கு முடி எறக்கப் போகையில நெசமான ஊத்துத் தண்ணியாக் கொண்டு போவம்."

பைப்பை மாற்றினார்கள். மீட்டர் முள் நின்றது. காலி செய்யும் பேச்சைப் பாய் அதன் பிறகு எடுக்கவில்லை. சித்திரை இரண்டாம் வாரம், அந்த வீட்டிலேயே என் மகள் பிறந்தாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அக்காதான்.

ஆனால் பாறை காய்ந்துவிட்டது. அக்கா வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை, பீன்ஸ் கொடிகள் மட்டும் வாடின. ஒரு நாள் காலை வெள்ளனே அவள் குடத்தோடு எங்கள் வாசலில் நின்றாள். என் மனைவி குழாயைத் திறந்துவிட்டாள். அது தினமும் நடந்தது. நான் மறுபடியும் மீட்டரைப் பார்க்கப் போகத் தொடங்கினேன்.

ஆனியில் அரிசி வாங்கப் போனபோது பாய் பில்லை விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன சார், கொஞ்சம் கூடியிருக்கு. ஆனை திரும்பி வந்திருச்சா?"

"இல்ல பாய். இது எங்களுக்குத் தெரிஞ்ச தண்ணிதான்."