இடது கை தூக்கியவர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் டிரெயினிங் டீச்சர்கள் வந்தால் கொண்டாட்டம்தான். அடிக்க மாட்டார்கள், வண்ணச் சார்ட்டுகள் கொண்டுவருவார்கள், கடைசி நாளில் ஆளுக்கொரு மிட்டாயும் தருவார்கள். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்த எங்கள் பள்ளிக்கு அப்படி வந்தவர் என் சொந்த அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. கோயமுத்தூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தவர், பயிற்சிக்குச் சொந்த ஊரையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

அவருக்குக் கிடைத்தவை துணைப்பாடக் கதைகள். சுருக்கமும் நீதியும் நோட்ஸிலேயே இருக்கும்போது கதையை எதற்குப் படிக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களுக்கும் எங்களுக்கும் அதுவரை முழு ஒற்றுமை இருந்தது. அத்தை வந்து அதைக் கெடுத்தார். நாங்கள் எதைச் சொன்னாலும், "எந்த வரியில இருக்குது? வெரலை வெச்சுச் சொல்லு கண்ணு" என்பார். கதையில் வருபவன் நல்லவன் என்றாலும் விரல் வைக்க வேண்டும், பொய்யன் என்றாலும் விரல் வைக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரு வரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் எனக்குத் தலைவாரிவிடும் அத்தைக்குள் இப்படி ஒருவர் இருப்பார் என்று யார் கண்டது? நான் அசந்துதான் போனேன்.

பயிற்சி முடிவில் தேர்வாளர்கள் இருவர் வந்து, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயமாகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒரு குடும்பம் அத்தையைப் பெண் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. அத்தைக்கோ வேலைக்குப் போக ஆசை. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "நல்ல மார்க்கு வாங்குனீன்னா வேலைக்குப் போ அம்மணி, நாங் குறுக்க நிக்கலை. இல்லீன்னா தை மாசம் கல்யாணம்."

அத்தையைத் திருப்பூருக்கு விட எனக்கு மனமில்லை. வகுப்புத் தலைவி என்கிற அதிகாரத்தில் ஒரு ஏற்பாடு செய்தேன். கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கைகளாகப் பார்த்துக் கேட்டால் போதும். பார்க்கிறவர்களுக்கு வகுப்பு முழுக்க அறிவாளிகளாகத் தெரியும். அன்று காலை அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்படீங்களா அம்மணி" என்று கன்னத்தைத் தட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைய கதையில் ஒரு அப்பா, மகள் படிப்புக்காக மாட்டை விற்றுவிடுகிறார். மறுநாள் விடியலில் பால் கறக்கும் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வயலுக்குப் போகிறார். அவ்வளவுதான் கதை. கல்வியே சிறந்த செல்வம் என்று நோட்ஸில் நீதி போட்டிருந்தது.

"மாட்டை வித்ததுல அவருக்கு வருத்தம் இருந்துச்சா?" என்று அத்தை கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அத்தை வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ராமாத்தா, நீ சொல்லு கண்ணு."

ராமாத்தாள் தூக்கியிருந்தது இடது கை. அவள் எழுந்து நின்று முதலில் என்னை முறைத்தாள்.

"தெரியலீங்க டீச்சர்."

"தெரியலீன்னா என்ன, தேடிப் பாரு. நாங்க இருக்கறோம்."

ராமாத்தாள் புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்தாள். தேர்வாளர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர் என்னவோ எழுதினார். நான் வலது கையைக் கூரையைத் தொடுகிற மாதிரி நீட்டினேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. திருப்பூர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ராமாத்தாளின் விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"போசியைக் கழுவறாருங்க."

"செரி. அதுல என்ன?"

"மாட்டைத்தான் நேத்தே வித்துப்போட்டாருங்களே, அப்புறம் எதுக்குங்க கழுவோணும்? மறந்துபோட்டாருன்னு நெனச்சனுங்க. ஆனா கவுத்து வெச்சுட்டுப் போறாரு. கறக்கப் போறவங்க கவுக்க மாட்டாங்க. இனி வேண்டாம்னு தெரிஞ்சேதான் கழுவறாருங்க. அழுதாருன்னு எங்கயும் எழுதலீங்க டீச்சர்…"

விரலை மட்டும் எடுக்கவில்லை.

அந்த வரியை நானும் பலமுறை படித்திருந்தேன். வெறும் போசி என்று தாண்டிப் போயிருந்தேன். கடிகாரம் பார்த்தவர் பக்கத்துப் பையனின் புத்தகத்தை இழுத்து, அதே வரியில் தன் விரலை வைத்துப் படித்தார். அதற்குப் பிறகும் அத்தை இடது கைகளாகப் பார்த்தே கேட்டார். சிலர் கண்டுபிடித்தார்கள், சிலருக்கு வரவில்லை. ஒவ்வொருவருக்காகவும் காத்திருந்தார்.

மணி அடித்ததும் குழாயடியில் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தன சொல்லியும் ஏனுங்க அத்தை இடது கையாப் பாத்துக் கேட்டீங்க?"

"தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு கண்ணு?" என்று சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார்.

அத்தைக்கு நல்ல மார்க் வந்தது. அப்பாவும் சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த வருடமே அத்தை கோயமுத்தூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். ராமாத்தாள் புண்ணியத்தில் தப்பித்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அத்தை அன்று கரும்பலகையில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் கையில் எடுத்த சாக்பீஸ், ராமாத்தாள் தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மூடிய கைக்குள்ளேயே நொறுங்கிப் பொடியாகியிருக்கிறது. குழாயடியில் அவர் கையிலிருந்து தண்ணீர் வெள்ளையாக ஓடியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டீச்சர் என்றால் கை வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.