கோப்பையில் வெந்த கேக்

கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் ஒருவன், நாற்பத்திரண்டு வயதில், ‘கப் கேக்’ என்ற பெயரை அப்படியே நம்பி, வீட்டிலிருந்த பீங்கான் தேநீர்க் கோப்பைகளில் மாவை ஊற்றித் தணலில் வைத்தான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? அதையேதான் நானும் நினைக்கிறேன்.

காரணம் பக்கத்து வீடு. அதில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரும், செக்ரட்டேரியட்டில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய தம்பியும் குடியிருந்தார்கள். நாகர்கோவில்காரர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் பக்கத்தில் சத்தம் என்பதே கிடையாது. அந்தப் பக்கத்தில் டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே, எதிரில் இல்லாத பிள்ளைகளைத் திட்டுவார். ஹோட்டலிலிருந்து வாங்கி வந்த சோற்றுக்கு அந்தத் திட்டைத்தான் தொட்டுக்கொள்வேன். சாம்பாரைவிடக் காரமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவர் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம். திருவனந்தபுரத்தில் மழைக்குக் குறைவில்லாததால் நாலைந்து வருஷம் பேச விஷயம் இருந்தது.

அப்புறம் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது, நாகர்கோவில் இருந்த தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு போய்ச் சேர்ந்தன. இங்கேயா, அங்கேயா என்று சர்க்கார் தன் ஆட்களைக் கேட்டது. அக்காவும் தம்பியும் அங்கே என்று எழுதிக் கொடுத்தார்கள். சர்க்காருக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. பெண் கேட்டுப் போக எனக்குப் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை. நானே போய் நிற்க வேண்டும். வகுப்பில் ஒரு மணி நேரம் நிற்காமல் பேசும் வாய்தான். ஆனால் அதெல்லாம் பிறர் எழுதி வைத்த வாக்கியங்கள்.

மிஷன் ஹாஸ்டலில் படித்த காலத்தைப் பற்றி டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார்: “துரைசானியம்மா சின்னச் சின்னதா கேக் செய்வாங்க சார், தலையில வெண்ணெய் பூசி. பிறவு நான் அதைக் கண்ணால கண்டதே இல்ல.” என் வாய் சொல்லாததைக் கேக் சொல்லிவிடும் என்று முடிவு செய்தேன். சாலைக் கடைத்தெருவில், பழைய புத்தகக் குவியலிலிருந்து ஓர் இங்கிலீஷ் மாதர் பத்திரிகையும் கிடைத்தது, செய்முறையோடு.

முதல் கோளாறு சர்க்கரை. எங்கள் திருநெல்வேலியில் அதற்குச் சீனி என்று பெயர். விசேஷமான காரியம் அல்லவா, கடையில் போய் இலக்கணமாக “சர்க்கரை” என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் வெல்லம். மலையாளத்தில் வெல்லத்துக்கு அதுதான் பெயர். இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றவனுக்கு அது தெரியாதா? தெரியும். அன்று மட்டும் தெரியவில்லை. திரும்பப் போய், நான் தமிழில் கேட்டதை நீர் மலையாளத்தில் கொடுத்துவிட்டீர் என்று கடைக்காரரிடம் வாதாடியிருக்கலாம். அந்த வருஷம் அதற்கு ஏற்ற வருஷம் அல்ல. வெல்லத்தையே சீவினேன்.

பால்காரி கொடுத்த வெண்ணெயில் பாதி தண்ணீர். அதில் வெல்லத்தைப் போட்டுக் கை ஓயும்வரை அடித்தேன். பத்திரிகைப் படத்தில் மேகம் மாதிரி இருந்த பட்டர் கிரீம், என் கிண்ணத்தில் மழைக்காலத்து முற்றம் மாதிரி இருந்தது. கேக்கோ, மணல் பரப்பிய உருளிக்குள் வெந்துகொண்டிருந்தது. மூடிமேல் சிரட்டைக் கனல். உள்ளே ஒவ்வொன்றாக ‘டப்’ என்று கேட்டது. மூன்று கோப்பைகள் வெடித்தன. மூன்று பிழைத்தன. ஆளுக்கு ஒன்று.

கூப்பிட்டிருந்தபடி நாலு மணிக்கு அக்காவும் தம்பியும் வந்தார்கள். என் வீட்டுக்கு விருந்தாளி என்று வந்தவர்கள் அவர்கள்தான். தம்பி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இது குடிக்கதா, திங்கதா?”

“சும்மா இருல,” என்றார் டீச்சர். கரண்டியால் ஒரு வாய் தோண்டி எடுத்துத் தின்றார். கிரீமில் வெல்லத்து மண் நறநறவென்றது, எனக்கே கேட்டது.

“இத நீங்களா செய்தீங்க சார்?”

“ஆமா டீச்சர்.”

“எனக்காகவா?”

“மாவு... மாவு வீட்ல சும்மா கிடந்துது.”

டீச்சர் கோப்பையை அடிவரை வழித்துத் தின்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல லாரி வருது. வேற ஏதாவது சொல்லணுமா சார்?”

என் கோப்பை இன்னும் தொடாமல் இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இன்னொண்ணு எடுத்துக்கோங்க டீச்சர்.”

மறுநாள் மழை இல்லை. அதனால் லாரிக்குப் பக்கத்தில் நின்று பேசவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அன்று மாலை சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பழக்கத்தில் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் திட்டு வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உப்பு இல்லாததுபோல் இருந்த சோற்றைத் தின்று முடித்தேன். அதில் உப்பு இருந்தது.

சில மாதம் கழித்துத் தம்பி ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். வீட்டில் காப்பித்தூள் இல்லை. கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன்.

“அக்காவுக்குத்தான் அண்ணாச்சி. மாப்பிள்ளை கம்பவுண்டர். வந்து கேட்டாங்க, சரின்னுட்டா.”

நல்லது என்றேன். அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தான்.

“நீங்க கோவிக்கப்பிடாது. அன்னைக்கு லாரி கரமனை தாண்டினதும் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா, பாத்துக்கிடுங்க: ‘உங்க அண்ணாச்சி கேக்கு குடுத்தாரு. கேக்கத்தான் இல்ல.’”