சன்னதித் தெரு முகவரி

சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரே போன் லைன். மாமியார் போனை எடுத்தால் ஊருக்கே நெட் போய்விடும்.

அங்கே காலனியிலிருந்து ஒரு பெண் வருவாள். பட்டுத் துண்டுகளை வாங்கி, வீட்டுப் பூஜையில் வைக்கும் விக்கிரகங்களுக்கு உடுப்பு தைப்பாள். கட்டைவிரல் உயரக் கிருஷ்ணனுக்கும் கொசுவம் வைக்கிற கை. அதுவரை அவற்றைக் கடைக்காரர் ஒருவர் வாங்கித் தன் பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்.

"நெட்ல என் பேரு, எங்க தெரு பேரு போட்டுக் குடுங்கக்கா. என்னைத் தேடி வரணும்" என்றாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நானே படம் எடுத்தேன், நானே இங்கிலீஷில் எழுதினேன். முகவரி அடிக்கும்போது கை நின்றது. சாமி உடுப்பாயிற்றே, காலனி என்று பார்த்தால் யார் வாங்குவார்கள்? எங்கள் சன்னதித் தெரு முகவரியைப் போட்டேன். பெயருக்குப் பதிலாக 'காஞ்சி மகளிர்'. அவளிடம் சொல்லவில்லை. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

ஆர்டர்கள் வந்தன. ஒருநாள் சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று, பெருமாளைச் சேவிக்க வருகிறோம், தைப்பவரையும் பார்க்கணும் என்று மெயில் அனுப்பியது. நான் படித்துச் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள், "எங்க வீட்டுக்கே இட்டுக்கினு வாங்கக்கா" என்றாள். வீட்டு முன்சுவருக்கு வெள்ளையடித்தாள்.

அவர்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "என்ன நேர்த்தி!" என்றார். தைத்தது நான் இல்லை என்று சொல்லவில்லை. வெட்கங்கெட்டுச் சிரித்தேன்.

காத்துக் காத்துப் பார்த்துவிட்டு அவளே வந்துவிட்டாள். அவர்கள் காரில் ஏறும்போது, அவர்களுக்கென்று தைத்த உடுப்போடு வாசலில் நின்றாள். அப்போதும் 'இவள்தான்' என்று எனக்குச் சொல்ல வரவில்லை. கார் போய்விட்டது.

"இங்க வெச்சி ஏங்கா பேசி அனுப்பிட்டீங்க?"

முகவரி விஷயத்தைச் சொன்னேன். "உனக்காகத்தான்மா. காலனின்னு போட்டா வாங்க மாட்டாங்களேன்னு…"

"அப்டி யாருனா எழுதுனாங்களாக்கா?"

வந்த மெயில் எல்லாம் நான் படித்ததுதான். ஒருவர்கூட ஜாதி கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை.

"இல்ல" என்றேன்.

"அப்ப அப்டி நெனச்சது நீங்க ஒருத்தர்தானா?"

அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, முன்னறையைத் தாண்டிக் கைகாட்டி, "உள்ள வா, காபி சாப்பிடறியா?" என்று கேட்டேன்.