எங்கள் வீட்டுத் தூண்

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் வழியில் இருந்த எங்கள் வேதக்கோயில் முழுக்க மரம். பாட்டன்மார் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது, மலைக்கோயிலுக்குக் கல் அடித்த கொத்தர்கள் எங்கள் பக்கம் வர மறுத்தார்களாம். நகரி மலையிலிருந்து வண்டியில் மரம் இழுத்துவந்து தாங்களே கட்டினார்கள். பக்கத்துக்கு ஆறு தூண். மேலே பனங்கைச் சட்டம், நாட்டு ஓடு. மார்பளவுக்குப் பலகைச் சுவர், அதற்கு மேல் மூங்கில் தட்டி. மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு.

பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு தூண். அவரவர் தூணடியில்தான் உட்காருவோம். தூண் கெட்டால் அந்த வீட்டார்தான் மாற்ற வேண்டும். மற்றவர் கை வைத்தால் அந்த வீட்டுக்கு அவமானம்.

யுத்த காலத்தில் எங்கள் தூணின் அடியைக் கரையான் தின்றது. அதைக் கழற்றிக் கோயில் பின்புறம் கிடத்திவிட்டு மூங்கிலை முட்டுக் கொடுத்தேன். தூணின் உயரத்தைக் கயிற்றில் முடிச்சிட்டு, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மரம் தேடிப் புறப்பட்டேன்.

“மழைக்கு முன்ன வந்துடுவீங்களா?” என்று கேட்டாள் மனைவி.

“ஆங், வந்துடறேன்.”

முதல் மாதமே புத்தூர்ப் பக்கம் மரம் கிடைத்தது. அதை ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டு, பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் கூட்டத்தோடு ரயிலேறிவிட்டேன். ஓரிடத்தில் நிற்க எனக்கு வராது.

இரண்டு மழைக்காலம் கழித்து, அந்த மரத்தோடு வண்டியில் வந்து இறங்கினேன். கோயில் வாசலில் எங்களுக்கு வேதம் சொல்லும் உபதேசியார் நின்றிருந்தார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“மரம் வாங்கப் போனானா, விதை போட்டு வளக்கப் போனானான்னு வாராவாரம் கேட்டாங்கப்பா. ‘நல்ல மரமா பாத்துகினு இருக்காரு’ன்னு உன் சம்சாரம் சொல்லும். அந்த மூங்கிலாண்டயே உக்காந்துகினு இருந்தது.”

“இப்ப எங்க?”

“ஆடியில வாந்திபேதி. ஒரே நாள்தான். அடக்கம் பண்ற பெட்டிக்குப் பலகை எங்கயும் கிடைக்கல. உங்க தூணு மேல்பாதி நல்லா இருந்தது, அதத்தான் அறுத்தோம். உன்னக் கேக்காம கை வெச்சிட்டோம், தப்பா நெனச்சுக்காத.”

மறுநாள் தூணை நிறுத்தினோம். கயிற்றளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மூங்கில் தாங்காமல் கூரை ஒரு சாண் இறங்கியிருந்தது. தூணில் ஒரு சாண் அறுத்தோம். அந்தத் துண்டை அவள் கல்லறையின் தலைமாட்டில் ஊன்றினேன்.

ஞாயிறன்று தூணடியில் தனியாக உட்கார்ந்தேன். பாதிப் பாட்டில் எழுந்து வெளியே வந்து, ரயிலடிப் பக்கம் நடந்தேன்.