மூடி வெளுத்த விமானம்

துறைமுகத்தில் நாற்பது டன் பெட்டியைக் கோழிக்குஞ்சு மாதிரி அலாக்காகத் தூக்கி வைக்கிற கிரேன்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், மாமனார். அவர் அடித்ததில்லை, திட்டியதுமில்லை. கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை அவருடைய அலாரக் கடிகாரத்தைக் கீழே போட்டதற்குப் பதினோரு மாதம் பேசவில்லை. அந்தப் பதினோரு மாதத்தில் மாப்பிள்ளை இருபது கிலோ இளைத்தார். நம்பாதவர்கள் அவருடைய பழைய பெல்ட்டில் ஓட்டைகளை எண்ணிக்கொள்ளலாம்.

மாமனார் விமானப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். புரை விழுந்த கண்ணோடு நாலு வருஷம் குனிந்து உட்கார்ந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விமானம் செய்திருந்தார். உள்ளே நக அளவில் ஒரு விமானி. "ஒத்தை மயிர் பிரஷ்ல மீசை வரைஞ்சேன்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் யாரையும் ஒரு கை தூரத்துக்குள் விட மாட்டார்.

நேற்றுக் கண் ஆபரேஷன். கட்டோடு வீட்டுக்கு வந்து படுத்தவர், "நாளைக்குக் கட்டுப் பிரிச்சதும் முதல்ல என் விமானத்தைத்தான் பார்ப்பேன்" என்றார். மாப்பிள்ளை நல்ல மனசோடுதான் தூசி துடைக்கப் போனார். விமானியின் தலைக்கு மேலிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி கையோடு வந்துவிட்டது. பதறிப்போய் நாலு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு அழுத்தி மூடினார்.

காலையில் பார்த்தால் மூடி முழுக்க வெள்ளை. மனைவி அப்பாவைக் கூட்டிக்கொண்டு கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று. நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். கிரேன்காரர் துறைமுகத்துப் பெயின்டருக்கு போன் போட்டார்.

"பசையை விட்டுட்டு உடனே மூடினியா? அறிவாளிடா நீ! அதோட ஆவி வெளிய போக வழியில்லாம உள்ளேயே படிஞ்சிருக்கும்."

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கோ. வழி சொல்லு!"

பெயின்டர் சொன்னபடி, மெல்லிய பிளேடால் மூடியைப் பெயர்த்தார். நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, உள்ளேயும் வெளியேயும் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மூடி பால் மாதிரி இன்னும் வெளுத்தது. வியர்வை கொட்டியது. மறுபடியும் போன்.

"டேய், இருந்ததும் போச்சுடா!"

"முதல்ல அப்படித்தான் பயமுறுத்தும். அதைவிட நைசான தாளுக்கு மாறு, அப்புறம் டூத்பேஸ்ட். கையை நிறுத்தாதே."

நிறுத்தவில்லை. தாள் மூன்று மாறியது. பற்பசையை மெல்லிய துணியில் எடுத்துத் தேய்த்தபோது, வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு விரல் நுனி தெரிந்தது, அவருடையதுதான். பிறகு தரைக்குப் பூசும் பாலிஷில் மூடியை முக்கி எடுத்து, தூசி படாமல் பாத்திரத்தைக் கவிழ்த்து உலரவிட்டார். அந்த ஒன்றரை மணி நேரம் மின்விசிறியைக்கூடப் போடவில்லை. மூச்சையும் பாதிதான் விட்டார்.

மூன்றேகாலுக்குப் பாத்திரத்தைத் தூக்கினால், மூடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை தெளிவு! காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை ஓரத்தில் தடவி அதன் இடத்தில் பொருத்தினார். அதுவரை மூடியிலேயே கண்ணாக இருந்தவர், அப்போதுதான் முதல் தடவையாக விமானியின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார்.

மீசை நெற்றியில் இருந்தது.

இப்போது வந்தது நிஜமான பயம். புதுக் கண், புது மூடி, நெற்றியில் மீசை. நாலு வருஷப் பெருமை ஒரே பார்வையில் போய்விடும், போக வைத்தது இந்தக் கைதான். இதற்கு எத்தனை மாதம் பேசாமலிருப்பாரோ? வாசலில் கார் வந்து நின்றது.

மாமனார் நேராக விமானத்திடம் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மூக்கு உரசக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. மாப்பிள்ளை தரையில் இருந்த ஓடுகளை எண்ணத் தொடங்கினார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் பசை மிச்சம் இருக்கா?"

"எ... எந்தப் பசை மாமா?"

"நேத்து வீடே நாறிச்சே, அதுதான். கட்டு கண்ணுலதான் போட்டாங்க, மூக்குல இல்ல." குரலைத் தாழ்த்தினார். "எதிர்வீட்டுக்காரர் அஞ்சு மணிக்கு விமானம் பார்க்க வர்றார். மூடிக்குள்ள ஒரு நாலு சொட்டு விட்டு அழுத்தி மூடுங்க. சீக்கிரம்!"