காஞ்சிபுரத்தில் ஒரு குடவோலை

சனிக்கிழமை காலை கோயம்பேட்டில் நானும் தேவகியும் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். எழுபத்தைந்து கிலோமீட்டர்; டிக்கெட் அறுபது ரூபாய். இருவரும் சென்னையில் முதுகலை படிக்கிறோம்: அரசியல் கோட்பாடும் அரசியலமைப்பு வரலாறும். அவளுக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம், எனக்கு மதுரை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நான் ஆய்வேடு எழுத வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே தேர்தல் நடந்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அந்தப் பெருமையின் மேல் எனக்குச் சந்தேகம். நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

தேவகியின் தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. வாசலுக்கு வந்த பெண்ணின் பெயர் வசந்தா என்று பிறகு தெரிந்தது.

“யாரும்மா நீ? சர்வே எடுக்க வந்துக்கினு இருக்கியா?”

“இல்லக்கா, தேவகியோட படிக்கிறேன்.”

“முன்ன ஒருத்தி இப்பிடித்தான் சிரிச்சுக்கினே வந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு போனா. அதோட சரி.”

கதவு சாத்திக்கொண்டது. கதவுக்குப் பின்னால் அவர் நிற்கிறார் என்று தெரிந்தது. தறி மறுபடி ஓடத் தொடங்கவில்லை.

மத்தியானம் உத்திரமேரூர் போனோம். முப்பது கிலோமீட்டருக்குள்தான். கோயில் மண்டபத்தின் சுவரெங்கும் எழுத்து. பழைய எழுத்து எனக்குப் படிக்க வராது. கையிலிருந்த அச்சுப் பிரதியின் ஜெராக்ஸை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவன் உறவினர் பெயரும் கூடாது. பெயர் எழுதிய ஓலைகளைப் போட்ட குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் துளியும் நம்பவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஆனால் நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. பெண்கள் பேச்சே இல்லை.

“இதுக்குப் பேரு மக்களாட்சியா?” என்றேன்.

“உனக்கு எது மேலதான் நம்பிக்கை வரும்?” என்றாள் தேவகி.

மறுநாள் காலை அவள் தெருவிலேயே ஒரு தேர்தல். நெசவுக்கான நீளவாட்டு நூலைப் பாவு என்கிறார்கள். அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீராக்க வேண்டும். தெரு ஒன்று, வீடுகள் நிறைய. யாருக்கு எந்த நாள் என்று முறை சொல்பவர் தெருவின் நாட்டாமை. மழைக்காலம் நெருங்கும்போது அந்த வார்த்தைக்கு மதிப்பு அதிகம். முறை தள்ளிப்போனவர் தறி சும்மா நிற்கும். தேவகியின் பெரியப்பா கந்தசாமிதான் பல வருஷமாக நாட்டாமை. சொந்தக்காரர்களுக்கே முதல் முறை கொடுக்கிறார் என்று ஏகாம்பரம் என்பவர் எதிர்த்து நின்றார்.

பிள்ளையார் கோயில் முன்னால் ஆண்கள் கை தூக்கினார்கள். இரண்டு பக்கமும் சமம். சீட்டுக் குலுக்குவது என்று முடிவாயிற்று. எழுத்து அழகாக இருக்கும் என்று தேவகியை எழுதச் சொன்னார்கள். அவள் இரண்டு சீட்டு எழுதி மடித்து ஒரு சொம்பில் போட்டாள்.

“தெருக்காரங்க யாரும் எடுக்க வேணாம்பா” என்றார் ஏகாம்பரம். “அந்த மதுரைப் பொண்ணு எடுக்கட்டும். அதுக்கு இங்க மாமனும் இல்ல, மச்சானும் இல்ல.”

சொம்புக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தேன். கந்தசாமி. கை தட்டினார்கள். தேவகி சட்டென்று சொம்பைத் தூக்கினாள். அந்த அவசரம் எனக்கு உறுத்தியது.

“அந்த இன்னொரு சீட்டையும் பிரிச்சுப் பார்த்துடலாமே.”

தேவகி என்னைப் பார்த்தாள். ஏகாம்பரம் சொம்பை வாங்கிக் கவிழ்த்தார். விழுந்த சீட்டிலும் கந்தசாமிதான்.

“வூட்டுக்குள்ளயே முடிச்சுட்டீங்களேபா!” ஏகாம்பரத்தின் குரல் உடைந்தது. கந்தசாமி கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். “சத்தியமா எனக்குத் தெரியாதுபா” என்றார். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அதுவரை என்னோடு ஒரு தட்டில் சாப்பிட்டவள் தலையைக் குனிந்து நின்றாள்.

அப்போதுதான் வசந்தா முன்னால் வந்தார். “ஆம்பளைங்க தூக்குனீங்க, சமமாப் போச்சு. தறியில நாங்களுந்தான உக்காந்துக்கினு இருக்கோம்? எங்க கையையும் எண்ணுங்க.”

முணுமுணுப்பு எழுந்தது. ஏகாம்பரம் உடனே ஒத்துக்கொண்டார். இந்தத் திருட்டைப் பார்த்த பிறகு பெண்கள் தன் பக்கம்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கந்தசாமிக்குக் கை தூக்கினார்கள்.

“சீட்டுல செஞ்சது தப்புதான்” என்றார் வசந்தா. “ஆனா மழை வந்தப்ப நனைஞ்சுக்கினே ஓடியாந்து என் பாவு நூலச் சுருட்டிக் குடுத்தது அவருதான். இனிமே முறை போடறப்ப எங்கள்ல ஒருத்தி பக்கத்துல உக்காந்துக்கினு பாப்பா. அதுக்குச் சம்மதமான்னு கேளுங்க.”

கந்தசாமி எழுந்து நின்று, சம்மதம் என்று தலையசைத்தார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் தேவகி என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள்.

“பெரியப்பா சொல்லலடி. நானாத்தான் எழுதினேன். அவர் தோத்துடுவாருன்னு பயம்.”

கேட்பதற்கு முன்பே வந்த பதில். அவரைக் காப்பாற்றுகிறாளா, நிஜத்தைச் சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“தெருப் பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேக்கணும்னே தோணல” என்றாள். அதை மட்டும் நம்பினேன்.

பஸ் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டும்போது மதுரைக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவிலும் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் இருக்கிறார்கள்.

“அம்மா, நம்ம தெருச் சங்கத் தேர்தல்ல நீ யாருக்குக் கை தூக்குன?”



“என்னைய யாருடி கூப்பிட்டா?” என்றாள் அம்மா. பிறகு குரல் மாறியது. “ஏன், அங்கிட்டு என்ன வம்ப இழுத்துட்டு வர்ற?”